பழைய அம்பாசிடரில் டேம்பிங் ஷீட்: எதை வாங்குவது, எங்கே ஒட்டுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வண்டி 1976 மார்க் 3 அம்பாசிடர். தரையில் துருப்பிடித்த இடங்களை வெட்டிப் புதுத் தகடு வைத்தாயிற்று. டிங்கரிங் முடியும் நிலையில் இருக்கிறது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. கார் ஆடியோ கடையில் சத்தம் குறைய, வண்டி முழுக்க இரண்டு அடுக்கு டேம்பிங் ஷீட் (தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் ஷீட்) ஒட்டச் சொல்கிறார்கள். பட்டறைக்காரரோ தார் ஷீட்டே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டுமே வேண்டாம். இரண்டு அடுக்கு என்பது வீண் செலவு, வண்டிக்கும் சுமை. தார் ஷீட்டை நம் ஊர் வெயிலில் கூரைத் தகட்டின் அடியில் ஒட்டுவது அதைவிட மோசம். ஆனால் ஷீட் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. பலரும் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு "இவ்வளவு செலவழித்தும் சத்தம் குறையவில்லையே" என்று வருந்துகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின் நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 முறை சிலிண்டர்கள் வெடிக்கின்றன. அதாவது 100 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதில் பாதி 1.7 மீட்டர். வண்டிக்குள் முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே இருக்கும் நீளமும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காதை அடைக்கிற மாதிரி 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்து, வேகம் கூடியதும் மறைகிறது. கேபினே ஒரு புல்லாங்குழல் போல வேலை செய்கிறது. இந்த அதிர்வு உள்ளே வரும் வழி என்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள். நாற்பது ஐம்பது வருட ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் அந்த 'ஊம்ம்' போகாது.

ஆகவே முதலில் மவுண்டிங் ரப்பர்களை மாற்றுங்கள். சைலன்சர் பைப் எங்கேயாவது உடம்பைத் தொடுகிறதா, மேனிஃபோல்ட் இணைப்பில் புகை கசிகிறதா என்று பாருங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யு.ஜே. கிராஸ் (அதன் மூட்டு), வீல் பேரிங், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின்னாலிருந்து வரும் கிரௌன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள்) ஊளையை எந்த ஷீட்டும் முழுசாக மறைக்காது. இன்னொன்று, மறைக்கவும் கூடாது. அது கெட்டுப்போகிறது என்று வண்டி உங்களிடம் சொல்லும் ஒரே வழி அந்தச் சத்தம்தான்.

அடுத்தது ஓட்டைகள். ஒரு தடுப்புச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில், ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடம், வயர்கள், கேபிள்கள், பெடல்கள் வெளிவரும் இடம், ஸ்டீயரிங்கில் இருக்கும் கியருக்கான கம்பிகள் போகும் இடம் என்று வரிசையாக ஓட்டைகள். பழைய மெக்கானிக் யாரோ ஹார்னுக்கோ டேப் ரிக்கார்டருக்கோ போட்டு மூடாமல் விட்ட துளைகளும் இருக்கும். இரவில் பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு பிரகாசமான விளக்கைத் தொங்கவிட்டு, கேபினுக்குள் தலைகீழாகப் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற ஒவ்வொரு இடமும் சத்தமும் சூடும் பெட்ரோல் வாடையும் வருகிற இடம். தேவையில்லாத துளைகளைப் பெயின்ட்டுக்கு முன்பே வெல்ட் வைத்து மூடுங்கள். மற்றவற்றுக்குப் புது ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் பொருத்தும் வளையம்). கதவு பீடிங்குகளையும் (கதவு ஓரத்து ரப்பர்கள்) இதே கையோடு புதிதாகப் போடுங்கள். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் தாள் பிடிமானத்தோடு வர வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே காற்று விசில் அடிக்கும்.

சரி, இப்போது ஷீட்டுக்கு வருவோம்.

சத்தத்துக்கு எதிராக மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் பொருள் வேறு. கடையில் எல்லாவற்றையும் 'டேம்பிங்' என்ற ஒரே பெயரில் விற்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வேலை தகட்டின் அதிர்வை அடக்குவது. கோயில் மணியை அடித்துவிட்டு அதன் விளிம்பில் கையை வைத்தால் உடனே நின்றுவிடும் இல்லையா, அதுதான் டேம்பிங். பியூட்டைல் ரப்பரும் அதன் மேல் அலுமினியத் தகடும் சேர்ந்த ஷீட் இதைச் செய்கிறது. தகடு வளையும்போது கீழே இருக்கும் இரும்புக்கும் மேலே இருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் பியூட்டைல் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. மேலே இருக்கும் அலுமினியம் விறைப்பாக இருந்தால்தான் இந்த இழுவை நடக்கும். அதனால் அலுமினியத்தின் கனம் 100 மைக்ரான் அளவுக்கு இருக்க வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது வேலை, காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது. இதற்கு எடை வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வரும் கனமான வினைல் ஷீட் இதற்கானது. எடையை இரட்டிப்பாக்கினால் தோராயமாக 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். அந்த வினைல் இரும்பின் மேல் நேராக உட்காரக் கூடாது. நடுவில் ஒரு மெத்தை மாதிரி ஃபோம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளே வந்துவிட்ட சத்தத்தை உறிஞ்சுவது. சணல் ஃபெல்ட், கம்பளி, பஞ்சு, கார்பெட் எல்லாம் இந்த வகை. மேல் ஸ்தாயி சத்தங்களுக்கு நல்லது. ஆனால் உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கே அது 8 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே அரை அங்குல ஃபெல்ட் என்ஜினின் 100 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. கூச்சல் குறையும், முழக்கம் அப்படியே இருக்கும்.

இனி அளவு. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடந்தலையில், கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். நடுவில் ஒரு சிறு வட்டம்தான். தோல் முழுக்கப் பூசுவதில்லை. அந்தச் சின்ன வட்டமே மொத்தத் தோலின் குரலையும் மாற்றிவிடுகிறது. காரணம், தோல் அதிகமாக அசைவது நடுவில். தகடும் அப்படித்தான். மடிப்பும் விளிம்பும் ஏற்கெனவே விறைப்பாக இருக்கும், அங்கே ஒட்டுவதால் பெரிதாகப் பயனில்லை. பெரிய தட்டையான பரப்பின் நடுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது 'டங்' என்றால் நல்ல பானை. இங்கே தலைகீழ்: 'டங்' என்றால் ஒட்ட வேண்டிய இடம், 'டொக்' என்றால் விட்டுவிடலாம்.

கடைக்காரர் சொன்ன இரண்டு அடுக்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ. தரை, கூரை, கதவு, டிக்கி எல்லாம் சேர்த்துப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு அடுக்குக்கு 60 கிலோ. வாழ்நாள் முழுக்க ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. 50 குதிரைத்திறன் அளவில் இருக்கும் என்ஜினுக்கு ஏற்காடு ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும். கால் பங்கு ஒட்டினால் 8 கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் பணத்தை நல்ல பீடிங்குக்கும் வினைலுக்கும் செலவிடுங்கள்.

தார் ஷீட்டைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். என் முதல் வண்டியின் கூரையில், கட்டட வேலையில் ஒழுகலுக்கு ஒட்டும் அலுமினியம் போட்ட தார் டேப்பை ஒட்டினேன். பார்வைக்கு டேம்பிங் ஷீட் மாதிரியே இருக்கும், விலை குறைவு. கத்திரி வெயிலில் இரண்டு நாள் நிறுத்தியதும் அது இளகித் தொங்கி, புதிதாகத் தைத்துப் போட்ட ஹெட்லைனிங் துணியில் கருப்பாக இறங்கிவிட்டது. வாடை மாதக்கணக்கில் போகவில்லை. துணியை முழுசாகக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. தொழிற்சாலைகளில் தார் வகைத் தகடுகளைத் தரையில் போடுவது உண்டு, ஆனால் அவற்றை அடுப்பில் சுட்டு உருக்கி ஒட்டவைப்பார்கள். நாம் கையால் ஒட்டுவது வேறு.

கடையில் வாங்கும்போது எது பியூட்டைல், எது தார் என்று சொல்லிவிடலாம். ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் பியூட்டைல் சூயிங்கம் போல நூல் நூலாக நீளும், தார் சட்டென்று அறுந்துவிடும். முகர்ந்தால் சாலை போடும் வாடை வந்தால் வேண்டாம். மேலே இருப்பது உண்மையான அலுமினியமா, வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக்கா என்பதற்கு மூலையை மடித்துப் பாருங்கள். அலுமினியம் மடித்த இடத்திலேயே நிற்கும், பிளாஸ்டிக் திரும்பிவரும். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி, பெயின்ட் அடித்த பழைய தகட்டில் ஒட்டி, மொட்டை மாடியில் வெயில் படும்படி ஒரு வாரம் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். வழுக்கி இறங்காமல் இருந்தால் வாங்கலாம். இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

ஒட்டும் வரிசையில் தவறாதீர்கள். வெல்டிங் முழுதாக முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பியூட்டைலும் ஃபோமும் தீப்பிடிக்கும். பின்னால் எப்போதாவது தரையில் வெல்ட் வைக்க நேர்ந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். துருவை முழுசாக எடுத்து, எபாக்ஸி பிரைமர், தகடுகள் சேரும் இடங்களில் சீம் சீலர், அதன் மேல் பெயின்ட். பெயின்ட் நன்றாக இறுகக் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விடுங்கள். ஈரப்பெயின்ட்டின் தின்னர் ஷீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கொப்புளம் வரும். வெறும் இரும்பில் நேராக ஒட்டுவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஒட்டும் அன்று ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். ஷீட்டைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள், பெரிய துண்டை ஒரே ஆளாக மடிப்பில்லாமல் ஒட்ட முடியாது. அலுமினிய ஓரம் பிளேடு போல வெட்டும், கையுறை கட்டாயம். சென்னை, மதுரை வெயிலில் ஹீட் கன் தேவைப்படாது. ஊட்டியில் காலை வேளையில் ஒட்டுகிறீர்கள் என்றால் லேசாகச் சூடு காட்டுங்கள். உலோக ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுங்கள். பல ஷீட்டுகளில் மேலே புடைத்த கோலம் இருக்கும், அது தட்டையாகி மறையும்வரை உருட்ட வேண்டும். ஒட்டுவதைவிட உருட்டுவதற்கே அதிக நேரம் ஆகும், தோள்பட்டை வலிக்கும். இந்த வேலையில் பலன் வருவது அங்கேதான்.

கூரையில் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே நான்கைந்து துண்டுகள் போதும், அதற்கு மேல் 6 மில்லிமீட்டர் கனத்தில் எடை குறைந்த 'மூடிய அறை' ஃபோம் (ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும் வகை). சூடு இறங்குவதும் குறையும். கூரையில் மழை விழும் சத்தம் பிடிக்கும் என்றால் துண்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் கூரையில் இரண்டே துண்டு வைத்திருக்கிறேன், அந்தச் சத்தத்துக்காக. கதவில் வெளித்தகட்டின் உள்பக்கம் கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூன்று துண்டு. கண்ணாடியை முழுசாக ஏற்றி இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளை மூடிவிடவே கூடாது. டிக்கியின் தரையிலும் பின் மட்கார்டின் உள்பக்கமும் தட்டிப் பார்த்து ஒட்டுங்கள். தரையில் முன்பக்கக் கால் வைக்கும் இடம், டனல் (நடுவில் நீளவாக்கில் புடைத்திருக்கும் பகுதி), பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் தகடு மூன்றும் முக்கியம். ரப்பர் மூடி போட்ட துளைகளின் மேல் ஒட்டாதீர்கள், பிறகு ஒருநாள் அவை தேவைப்படும்.

வினைல் தடுப்பு தரைக்கும் ஃபயர்வாலுக்கும் மட்டும் போதும். சுமார் மூன்று சதுர மீட்டர், 15 கிலோ. அடியில் போடும் ஃபோமுக்கு, ஏசி டக்ட் சுற்றும் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் மிகப் பொருத்தமானது. மூடிய அறைகள் கொண்டது, தண்ணீர் குடிக்காது, தரைச் சூட்டையும் தடுக்கும், ஏசி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். செய்தித்தாளை ஒட்டி மாதிரி வெட்டிக்கொண்டு வினைலை எவ்வளவு பெரிய துண்டாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வெட்டுங்கள். இணைப்புகளில் ஒரு துண்டு அடுத்த துண்டின் மேல் 5 சென்டிமீட்டர் ஏறி வரட்டும். திருகு வைத்து இறுக்காதீர்கள், தரையோடு ஒட்டவும் வேண்டாம். சும்மா கிடந்தாலே அதன் எடைக்கு நகராது, தேவைப்பட்டால் தூக்கிப் பார்க்கலாம். ஃபோம், வினைல், ஃபெல்ட், கார்பெட் என்று சேரும்போது பெடலுக்கு அடியில் கனம் கூடும். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் கடைசிவரை தடையில்லாமல் இறங்குகின்றனவா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அம்பாசிடரில் முன்கண்ணாடி ரப்பர் ஒழுகுவது பழைய கதை. என் வண்டியில் பழைய சணல் ஃபெல்ட்டை எடுத்துவிட்டுப் புதுச் சணல் ஃபெல்ட்டையே நேராகத் தகட்டின் மேல் போட்டார்கள். ஒரு ஐப்பசி மழை முழுக்க ஓட்டினேன், மேலே கார்பெட் காய்ந்தே இருந்தது. மறு வருடம் தூக்கிப் பார்த்தால் ஃபெல்ட் ஊறிப்போய், அடியில் தகடு பொரிப் பொரியாக உரிந்து வந்தது. புதுத் தரை போட்ட வண்டி அது. அன்றிலிருந்து, தகட்டைத் தொடும் எந்தப் பொருளும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை விடாமல் பின்பற்றுகிறேன். சணல் ஃபெல்ட் கண்டிப்பாக வேண்டும் என்றால் வினைலுக்கு மேலே, கார்பெட்டுக்கு அடியில் போடுங்கள். கண்ணாடி மாட்டியபின் அரை மணி நேரம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, உள்ளே வெறும் தரையில் ஒரு சொட்டும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்ற அடுக்குகள்.

சிலர் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதிக்குள் ஸ்ப்ரே ஃபோம் அடித்து நிரப்பச் சொல்வார்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த ஒற்றை உடம்பு அது, அந்தப் பெட்டிப் பகுதிகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்து அரித்துவிடும். அங்கே மெழுகு வகைத் துருத்தடுப்பு மட்டும் அடியுங்கள். அடியில் அடிக்கும் ரப்பர் கோட்டிங், சக்கர வளைவில் கல் தெறிக்கும் சத்தத்தைக் குறைக்கும். தகட்டின் அதிர்வுக்கு அதை நம்ப வேண்டாம்.

உங்கள் வண்டியில் வெட்டாமல் விட்ட பழைய தரைப் பகுதிகளில் பழைய தார் ஒட்டிக்கொண்டு இருக்கும். உளியால் சுரண்டி நாள்களை வீணாக்காதீர்கள். ட்ரை ஐஸ் வாங்கி மேலே பரப்பிப் பத்து நிமிடம் விட்டால் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ரப்பர் சுத்தியலால் தட்டினால் சில்லுகளாக வந்துவிடும். மிச்சக் கறைக்கு மண்ணெண்ணெய். நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும், ட்ரை ஐஸிலிருந்து வரும் கார்பன் டை ஆக்ஸைடு மூடிய இடத்தில் ஆபத்து. தடித்த கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு முடித்துவிடாதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். பியூட்டைல் மட்டும் ஒட்டி, சீட்டை மாட்டி, தெரிந்த சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வினைல் போட்டு அதே சாலை, அதே வேகம். போன் செயலியில் அளப்பதானால் 'ஏ' அளவுகோலையும் 'சி' அளவுகோலையும் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏ' அளவுகோல் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தை 19 டெசிபல் குறைத்தே காட்டும், என்ஜின் முழக்கம் அதில் தெரியாது. 'சி' அதை ஏறக்குறைய அப்படியே காட்டும். 'சி' குறையவில்லை என்றால் மறுபடி மவுண்டிங்கையும் சைலன்சரையும் பாருங்கள், இன்னொரு அடுக்கு ஷீட் வாங்க ஓடாதீர்கள்.

கார்பெட் போடும் முன் தரை முழுவதையும் படம் எடுத்து வையுங்கள். எந்த இடத்தில் எந்தத் துளை, சீட் போல்ட் எங்கே, வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்படி, அளவு டேப்பை நீட்டி வைத்து எடுங்கள். அச்சிட்டு ஒரு பிரதியை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தத் தரையைத் திறப்பது நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.